ஒரு ஹவுசிங், மூன்று மெஷின்

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில், பலகாரக் கடைகளுக்கு மெஷின் செய்து தரும் பட்டறையில் டிசைன் வேலை பார்க்கிறேன். டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் ஆகிறது. முறுக்கு பிழிவது, மாவு பிசைவது, மாவு சலிப்பது என்று மூன்று மெஷின்கள் சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி டிசைன் மென்பொருளில் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே பேரிங் ஹவுசிங்தான், அதாவது பேரிங் உட்காரும் இரும்புக் கூடு. பிசையும் மெஷினில் 6205 பேரிங் (வெளிவிட்டம் 52 மில்லி) அடிக்கடி போகிறது, 6206 (62 மில்லி) போடு என்றார்கள். பார்ட்டுகள் எல்லாம் சேர்ந்த அந்த மெஷின் ஃபைலை, அதாவது அசெம்ப்ளியைத் திறந்து, உள்ளேயே ஹவுசிங்கை எடிட் செய்து, துளையை 52-இலிருந்து 62 ஆக்கி சேவ் செய்தேன். பத்து நாள் கழித்து இரண்டு முறுக்கு மெஷினுக்காக நான்கு ஹவுசிங் லேத்துக்குப் போனது. நான்கும் 62 ஆகவே வந்துவிட்டன. ‘இனிமேல் லிங்க்கே வேண்டாம், மெஷினுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாப் பார்ட்டையும் தனித்தனியாகக் காப்பி எடுத்து வை’ என்கிறார் முதலாளி. அது சரியா? முறுக்கு மெஷினின் ஹாப்பர் (மாவு போடும் வாய்) பிளேட்டைச் சலிக்கும் மெஷினில் போட்டால், திரையில் பார்ட்டுகளைப் பட்டியலிடும் மரத்தில் அதன் பெயருக்குப் பக்கத்தில் அம்புக்குறியும் கேள்விக்குறியும் வருகிறது. துளைகளும் நகர மாட்டேன் என்கின்றன. நாங்கள் மூன்று பேர். ஒருவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். கூகுள் டிரைவில் ஃபைல்களை வைத்திருக்கிறோம், சில சமயம் ஒரே ஃபைல் இரண்டாக நிற்கிறது. ஃப்யூஷன் என்ற இன்னொரு டிசைன் மென்பொருளுக்கு மாறினால் இதெல்லாம் தீரும் என்று நண்பர் சொல்கிறார். டிராயிங்கையும் ஃபோல்டரின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, முதலில் கெட்டுப்போன நான்கு ஹவுசிங்கைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். 62 வெளிவிட்டம், 52 உள்விட்டம் என்று ஒரு புஷ் (வளையம்) கடைந்து உள்ளே அடித்தால் 6205 மறுபடி உட்காரும். சுவர் 5 மில்லி வருகிறது, போதும். 6206-இன் அகலம் 16, 6205-இன் அகலம் 15. அதனால் புஷ்ஷை 16 நீளத்துக்குக் கடைந்து, அடியில் ஒரு மில்லி உதடு விடச் சொல்லுங்கள். புஷ்ஷை அடித்து உட்கார வைத்த பிறகுதான் 52-ஐக் கடைசியாகப் பிடிக்க வேண்டும். முதலிலேயே பிடித்துவிட்டு அடித்தால் புஷ் கொஞ்சம் சுருங்கும், பேரிங் ஏறாது. இது உங்கள் லேத்காரருக்கே தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

ஆனால் இந்த வைத்தியம் முன்பக்க ஹவுசிங்குக்கு மட்டும். முறுக்கு மெஷினில் ஸ்க்ரூ மாவை முன்னால் தள்ளும்போது ஷாஃப்ட் பின்னால் உதைக்கும். அந்த உதையைத் தாங்குவது பின்பக்க ஹவுசிங். ஒரு மில்லி உதட்டை நம்பி அங்கே வைக்க முடியாது. ஆக, இரண்டு பிழைத்தன, இரண்டு போயின.

‘அந்த இரண்டைப் பிசையும் மெஷினுக்கு வைத்துக்கொள்ளலாமே, அதற்கு 62 தானே வேண்டும்’ என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. டிராயிங்கைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன். ஹவுசிங்கின் வெளிவிட்டம் 90. போல்ட் துளைகள் 76 மில்லி வட்டத்தில், ஒவ்வொன்றும் 9 மில்லி. கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவிலிருந்து போல்ட் துளையின் உள்விளிம்பு வரை 38 கழித்தல் 4.5, அதாவது 33.5. பேரிங் துளை 52 ஆக இருந்தபோது அதன் ஆரம் 26, இடையில் 7.5 மில்லி இரும்பு இருந்தது. 62 ஆக்கியதும் ஆரம் 31, மிச்சம் 2.5 மில்லி. மாவு கட்டியாகி ஷாஃப்டை உதைக்கிற மெஷினில், பேரிங்குக்கும் போல்ட்டுக்கும் நடுவே இரண்டரை மில்லிச் சுவர்! பிசையும் மெஷினுக்கு ஏற்கெனவே இப்படி ஒன்று மாட்டியிருந்தால், அது பிளந்து நிற்பதற்குள் மாற்றிவிடுங்கள். போல்ட் வட்டத்தைப் பெரிதாக்கி, வெளிவிட்டத்தையும் ஏற்றி, புதிதாக ஒரு ஹவுசிங் வரையுங்கள்.

இவ்வளவு விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் கடிதத்தில் ‘துளையை மட்டும்தான் மாற்றினேன்’ என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். துளை மட்டும் மாறவில்லை. பேரிங் மாறியது, ஷாஃப்ட் மாறியது, சுவரின் பலம் மாறியது. அது பழைய ஹவுசிங்கே இல்லை, வேறொரு பார்ட். வேறொரு பார்ட்டுக்குப் பழைய பெயரையே வைத்தீர்கள், கோளாறு அங்கேதான். லிங்க் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். அசெம்ப்ளி ஃபைலுக்குள் ஹவுசிங் இல்லை. ‘இந்த ஃபோல்டரில், இந்தப் பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது, அதை இந்த இடத்தில் இப்படிப் பொருத்து’ என்ற குறிப்புதான் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் அந்த ஃபைலைப் போய் எடுத்து வருகிறது. ஆகவே அசெம்ப்ளிக்குத் தன் பார்ட்டுகளைத் தெரியும். பார்ட்டுக்கோ தன்னை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. ‘ஃபைண்ட் ரெஃபரன்சஸ்’ கொடுத்தாலும் கீழே இருப்பவைதான் வரிசையாக வரும், மேலே இருப்பவை வராது. பிசையும் மெஷினுக்குள் உட்கார்ந்து ஹவுசிங்கை எடிட் செய்தபோது, கண்ணுக்குத் தெரிந்தது ஒரே மெஷின். மற்ற இரண்டும் திறந்திருக்கவில்லை, அதனால் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. முறுக்கு மெஷினை அடுத்த முறை திறந்தபோது புதுத் துளையோடு திறந்துகொண்டது.

டிராயிங்கும் ஒரு லிங்க்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பார்ட் மாறினால் அளவும் தானாக மாறும். ஆனால் எத்தனையாவது திருத்தம் என்று காட்ட ஓரத்தில் இருக்கும் ரிவிஷன் எழுத்து தானாக மாறாது. ‘ஏ’ என்று போட்டிருந்த தாளில் நேற்று 52, இன்று 62. லேத்காரர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? கோயம்புத்தூரில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பம்பு கம்பெனியில், மூத்தவர்கள் மூலப்படங்களை டிரேசிங் தாளில் வைத்து இரும்பு அலமாரியில் பூட்டியிருந்த காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு கோடு மாற்ற வேண்டுமானால் பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் தாளை வெளியே எடுக்க முடியுமாம். கம்ப்யூட்டர் வந்ததும் அலமாரியும் போனது, சாவி வைத்திருந்தவரும் போனார். நீங்கள் செய்யக்கூடியது எளிது: பட்டறைக்கு வெளியே போவது எப்போதும் பிடிஎஃப் ஆகவே இருக்கட்டும். அதில் ரிவிஷன் எழுத்தும் தேதியும் இருக்கட்டும். அந்த பிடிஎஃப் ஒரு தனி ஃபோல்டரில் உறையட்டும். டிராயிங் ஃபைலைத் திறந்து அப்போதைக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

இனி உங்கள் முதலாளி சொன்னது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் சொன்ன வழி அடுத்த நஷ்டத்துக்குத்தான் கொண்டுபோகும். மூன்று மெஷினுக்கும் மூன்று காப்பி எடுத்து வைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்து கிரீஸ் நிப்பிள் துளை தப்பான பக்கம் இருக்கிறது என்று தெரிகிறது. மூன்று ஃபைலிலும் திருத்த வேண்டும். இரண்டில் திருத்துவீர்கள், மூன்றாவதை மறந்துபோவீர்கள். போதாக்குறைக்கு ஒரே பொருளுக்கு மூன்று பெயர், ஸ்டோரில் மூன்று குவியல். கிரீஸ் துளையைத் திருத்துகிற மாதிரி வேலைகளுக்காகத்தான் லிங்க்கே இருக்கிறது.

ஆக, எதைத் திருத்தலாம், எதைப் பிரிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. மாற்றிய பார்ட்டை எடுத்துக்கொண்டுபோய், பழையது இருந்த எல்லா இடத்திலும் மாட்டினால் அப்படியே பொருந்தி, அதே வேலையைச் செய்யுமா? செய்யும் என்றால் பழைய நம்பரிலேயே திருத்துங்கள், ரிவிஷன் எழுத்தை ஏற்றுங்கள். ஒரே ஒரு இடத்தில் பொருந்தாவிட்டாலும் புது நம்பர், புது ஃபைல். கிரீஸ் துளை நகர்ந்தால், ஓரத்தில் கூர்மையை மழித்தால், முதல் வகை. 6205 போய் 6206 வந்தால் யோசிக்கவே வேண்டாம், இரண்டாவது வகை.

நம் செட்டிநாட்டு வளவு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. முகப்பும் பட்டாலையும் (கூடம்) வளவும் (முற்றம்) பங்காளிகள் எல்லோருக்கும் பொது. அங்கே ஒரு தூணுக்குச் சாயம் அடிப்பதானாலும் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதே வீட்டில், கல்யாணமான பிள்ளையை ‘வேறு வைப்பார்கள்’. அடுப்பு தனி, கணக்கு தனி, அது ஒரு ‘புள்ளி’, தனியாக எண்ணும் ஒரு குடும்பம். கூரை மட்டும் ஒன்று. உங்கள் 6206 ஹவுசிங்குக்கும் வேறு வைக்கிற நேரம் வந்திருந்தது. நீங்கள் வேறு வைக்காமல் பொதுத் தூணைச் செதுக்கிவிட்டீர்கள்.

சாலிட்வொர்க்ஸில் வேறு வைக்கும் வழிக்கு ‘மேக் இண்டிபெண்டண்ட்’ என்று பெயர். மரத்தில் அந்தப் பார்ட்டை வலது கிளிக் செய்தால் கிடைக்கும். புதுப் பெயர் கேட்கும், கொடுத்தால் அந்த இடத்தில் புது ஃபைல் உட்காரும், மற்ற மெஷின்கள் பழையதையே பிடித்திருக்கும். இதில் இரண்டு இடத்தில் கவனம். ஒன்று, நீங்கள் தேர்ந்தெடுத்தவை மட்டும்தான் பிரியும். பிசையும் மெஷினில் ஹவுசிங் இரண்டு இருந்தால் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் 62, மறுபக்கம் 52 என்று நிற்கும். இன்னொன்று, டிராயிங் கூடவே வராது. பழைய டிராயிங் ஃபைலைக் காப்பி எடுத்துப் புதுப் பெயர் வையுங்கள். அப்புறம் ‘ஓப்பன்’ ஜன்னலில் அதைத் தேர்ந்தெடுத்து, திறப்பதற்கு முன்பே ‘ரெஃபரன்சஸ்’ பொத்தானை அழுத்தி, புதுப் பார்ட்டைக் காட்டிவிடுங்கள். அளவுகள் போட்டபடியே இருக்கும், எண்கள் மட்டும் மாறும்.

‘சேவ் ஆஸ்’ போட்டாலே போதுமே என்பீர்கள். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அந்தப் பம்பு கம்பெனியில் சேர்ந்து நான்காவது மாதம். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் ஒரு கப்ளிங் பார்ட்டையும், அது இருந்த அசெம்ப்ளியையும் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, கப்ளிங்குக்கு ‘சேவ் ஆஸ்’ கொடுத்துப் புதுப் பெயர் வைத்தேன். ஒரு பெட்டி வந்தது. இந்த ஃபைலைத் திறந்திருக்கும் வேறு ஃபைல்கள் பயன்படுத்துகின்றன, ‘சேவ் ஆஸ்’ கொடுத்தால் அவையும் புதுப் பெயருக்கு மாறிவிடும், வேண்டாமென்றால் காப்பியாகச் சேமி என்று தெளிவாகவே எழுதியிருந்தது. படிக்காமல் ஓகே கொடுத்தேன். பழைய பம்பு முழுக்கப் புதுக் கப்ளிங்குக்கு மாறிவிட்டது. அதன் நீளம் கூடுதல், அதனால் அடித்தட்டில் மோட்டார் துளைகள் தள்ளிப் போயின. தட்டுகள் வெட்டி வந்த பிறகுதான் தெரிந்தது. என் மேலாளர் திட்டவில்லை. அந்தப் பெட்டியைப் பிரிண்ட் எடுத்து என் மேஜையில் ஒட்டினார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதனால் அசெம்ப்ளி திறந்திருக்கும்போது ‘சேவ் ஆஸ்’ என்பதைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் ‘சேவ் ஆஸ் காப்பி’. அதேபோல, அசெம்ப்ளியை மூடும்போது மாறிய ஃபைல்கள் என்று ஒரு பட்டியல் காட்டி, ‘சேவ் ஆல்’ என்று ஒரு பொத்தான் வரும். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எல்லோரும் அழுத்துவது அதைத்தான். அந்தப் பட்டியலை ஒருமுறை படியுங்கள். நீங்கள் தொடாத பார்ட்டின் பெயர் அதில் இருந்தால், எங்கோ உங்கள் கை தவறிப் பட்டிருக்கிறது என்று பொருள்.

இன்னும் பாதுகாப்பாக ஒரு வழி இருக்கிறது. சிஸ்டம் ஆப்ஷன்ஸில் ‘எக்ஸ்டர்னல் ரெஃபரன்சஸ்’ பக்கத்தில், உள்ளே வரும் ஃபைல்களை ‘ரீட் ஒன்லி’ ஆகத் திறக்கச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போடுங்கள். அப்புறம் அசெம்ப்ளிக்குள்ளிருந்து ஒரு பார்ட்டைத் திருத்த வேண்டுமானால், அதற்குத் தனியாக எழுதும் உரிமை வாங்க வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலில்தான் ‘இது பொதுவா, தனியா’ என்று கேட்டுக்கொள்ள ஒரு நொடி கிடைக்கிறது. பொதுப் பார்ட்டுகளை மட்டும் ‘பொது’ என்று ஒரே ஃபோல்டரில் வைத்து, எந்த நம்பர் எந்த மெஷினில் எத்தனை என்று ஒரு எக்செல் தாளும் போட்டுவிட்டால், பார்ட்டுக்குத் தெரியாத விஷயம் உங்களுக்காவது தெரிந்திருக்கும். மூன்று மெஷினுக்கு அந்தத் தாள் ஒரு மாலை வேலை. முப்பது மெஷின் ஆன பிறகு உட்கார்ந்தால் ஒரு மாதம்.

பெயர் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. நீங்கள் அனுப்பிய படத்தில் ‘ஹவுசிங் நியூ’, ‘ஹவுசிங் ஃபைனல்’, ‘ஹவுசிங் ஃபைனல் 2’ என்று பார்த்தேன். சிரிப்பு வந்தது, நானும் அப்படி வைத்தவள்தான். இதில் ஆபத்து எங்கே என்றால், சாலிட்வொர்க்ஸ் ஒரே பெயருள்ள இரண்டு ஃபைலை ஒரே சமயத்தில் திறக்காது. ஒரு அசெம்ப்ளியைத் திறக்கும்போது, அது தேடும் பெயரில் ஒரு ஃபைல் ஏற்கெனவே திறந்திருந்தால், வேறு ஃபோல்டரில் இருந்து வந்ததாக இருந்தாலும் அதையே எடுத்து மாட்டிவிடும். உங்கள் முதலாளி சொன்னபடி மெஷினுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லாவற்றிலும் ‘ஹவுசிங்’ என்றே பெயர் வைத்திருந்தால் இதுதான் தினமும் நடக்கும். 1001, 1002 என்று அர்த்தமில்லாத நம்பர் வையுங்கள், என்ன பொருள் என்பது தாளில் இருக்கட்டும். பெயரை மாற்றும்போது வெறும் விண்டோஸில் மாற்றாமல், அந்தப் பார்ட் இருக்கும் அசெம்ப்ளிகள் எல்லாவற்றையும் திறந்து சாலிட்வொர்க்ஸ் வழியாகவே மாற்றுங்கள். இல்லையென்றால் அசெம்ப்ளி பழைய பெயரைத் தேடிக்கொண்டு நிற்கும்.

ஹாப்பர் பிளேட்டுக்கு வருவோம். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயிருப்பீர்கள். இடித்த வீடுகளின் கதவுகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். ஒரு கதவை இன்னொரு நிலையில் மாட்டிப் பாருங்கள், மாட்டவே மாட்டாது. ஆசாரி நிலையை நட்ட பிறகு, அந்த நிலையைப் பார்த்துத்தான் கதவை இழைத்திருப்பார். அந்தக் கதவுக்கு அந்த நிலைதான். உங்கள் பிளேட்டும் அப்படித்தான் பிறந்திருக்கிறது. முறுக்கு மெஷின் அசெம்ப்ளிக்குள் உட்கார்ந்து, பக்கத்து ஃபிரேமின் துளைகளைத் தொட்டு, பிளேட்டின் துளைகளை வரைந்திருக்கிறீர்கள். அந்தத் தொடர்பைத்தான் அம்புக்குறி காட்டுகிறது. சலிக்கும் மெஷினுக்குக் கொண்டு வந்ததும், தான் பார்க்க வேண்டிய ஃபிரேம் கண்ணில் இல்லை என்று கேள்விக்குறி போடுகிறது. அது கெட்டுப்போகவில்லை, கடைசியாகப் பார்த்த அளவில் நிற்கிறது. முறுக்கு மெஷினைத் திறந்து ஃபிரேமை மாற்றினால் உடனே அதுவும் நகரும், சலிக்கும் மெஷினிலும் சேர்த்து நகரும். ஹவுசிங்கில் நடந்ததைவிட இது மோசம், ஏனென்றால் பிளேட்டை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

அம்புக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் தொடர்பைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், பெருக்கல் குறி இருந்தால் அறுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பூட்டியதைத் திறக்கலாம். அறுத்ததைப் பழையபடி ஒட்ட முடியாது, அந்த ஸ்கெட்ச்சை (துளைகளை வரைந்த கோட்டுப் படத்தை) மறுபடி கட்ட வேண்டும். நான் அறுப்பதை விரும்புவதில்லை. அறுத்தால் குறி மாறுமே தவிர, ஸ்கெட்ச்சுக்குள் செத்த தொடர்புகள் கிடந்து, பின்னால் வருகிறவரைக் குழப்பும். பிளேட் இரண்டு மெஷினுக்கும் பொது என்று முடிவு செய்துவிட்டால், ஸ்கெட்ச்சைத் திறந்து, வெளியே போகும் தொடர்புகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, அளவை எண்ணாகவே எழுதிவிடுங்கள். அரை மணி நேர வேலை. இனிமேல் பொதுப் பார்ட் எதையும் அசெம்ப்ளிக்குள் வைத்துத் திருத்துவதானால், முதலில் ‘நோ எக்ஸ்டர்னல் ரெஃபரன்சஸ்’ பொத்தானை அழுத்திக்கொள்ளுங்கள். பக்கத்துப் பார்ட்டைக் கண்ணால் பார்க்கலாம், அளந்து பார்க்கலாம், ஆனால் கை பிடிக்காது. அந்த ஒரு மெஷினை விட்டு என்றைக்கும் வெளியே போகாத மூடி, பாதுகாப்பு உறை மாதிரிப் பார்ட்டுகளுக்கு அம்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நிலைக்கு ஏற்ற கதவு தப்பில்லை, அதை வேறு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் தப்பு.

கூகுள் டிரைவ். நீங்கள் ஒரு ஃபைலைத் திறந்ததும், அதே ஃபோல்டரில் பெயருக்கு முன்னால் ஒரு நெளிகோடும் டாலர் குறியும் போட்ட சின்ன மறைவு ஃபைல் ஒன்றை சாலிட்வொர்க்ஸ் உருவாக்கும். ‘இதை இன்னார் திறந்து வைத்திருக்கிறார்’ என்ற சீட்டு அது. ஒரே ஆபீஸில் நெட்வொர்க் ஃபோல்டராக இருந்தால் அடுத்தவர் திறக்கும்போது அந்தச் சீட்டைப் பார்த்து ‘ரீட் ஒன்லி’ ஆகத் திறக்கும். கூகுள் டிரைவ் அப்படி இல்லை. ஆளுக்கொரு நகலை அவரவர் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு பின்னால் ஒத்துப் பார்க்கிறது. கோயம்புத்தூர் நண்பர் திறந்திருக்கிறார் என்ற சீட்டு உங்களுக்கு வந்து சேர்வதற்குள் நீங்களும் திறந்திருப்பீர்கள். இருவரும் சேவ் செய்தால் ஒரே ஃபைல் இரண்டாக நிற்கிறது, சில சமயம் ஒருவர் வேலை மேல் மற்றவர் வேலை ஏறிவிடுகிறது.

மூன்று பேருக்கும் சாலிட்வொர்க்ஸ் புரொஃபெஷனல் இருந்தால், அதோடு பிடிஎம் ஸ்டாண்டர்டு என்ற ஃபைல் நிர்வாக மென்பொருள் கிடைக்கும், தனியாகப் பணம் இல்லை. ஒரு கம்ப்யூட்டரை சர்வராக ஒதுக்கினால் போதும். ஃபைலைத் திருத்த வேண்டுமானால் ‘செக் அவுட்’ செய்ய வேண்டும், ஒருவர் எடுத்தால் மற்றவர் பார்க்கத்தான் முடியும். ‘வேர் யூஸ்டு’ என்று ஒரு பக்கமும் இருக்கிறது, பார்ட்டுக்குத் தெரியாத அந்த மேல்வரிசை அதில் வந்துவிடும், எக்செல் தாளுக்கும் விடுதலை. கீழ் லைசென்ஸ்தான் என்றால், பட்டறையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் நெட்வொர்க் ஃபோல்டர் வைத்து, ஆப்ஷன்ஸில் ‘கொலாபரேஷன்’ பக்கத்தில் பலர் பயன்படுத்தும் முறையை இயக்கிவிடுங்கள். கோயம்புத்தூர் நண்பருக்கு டிரைவைத் திறந்து விடாமல், அவர் வேலைக்கு வேண்டியதை, தொடர்புள்ள ஃபைல்களை ஒன்றாகக் கட்டித் தரும் ‘பேக் அண்ட் கோ’ போட்டு ஜிப் ஆக அனுப்புங்கள். டிராயிங்கையும் சேர்க்கச் சொல்லும் டிக் கட்டம் அதில் உண்டு, மறக்க வேண்டாம். திரும்பி வரும்போது அவர் திருத்திய ஃபைல்களை மட்டும் ஒருவர் பார்த்து உள்ளே சேர்க்கட்டும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் நல்லது, ஒருமுறை சுட்டுக்கொண்ட கை. எல்லோரும் ஒரே வருட வெர்ஷனில் இருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், புதியதில் வழக்கம்போல் சேவ் செய்ததைப் பழையது அப்படியே திறக்காது.

ஃப்யூஷன். நல்ல மென்பொருள், மாறுவதில் எனக்கு எதிர்ப்பில்லை. ஒரு விஷயத்தில் உங்களுக்கு நிச்சயம் உதவும். வெளியிலிருந்து கொண்டு வந்த பார்ட்டுக்குச் சங்கிலிக் குறி போட்டுக் காட்டும், அந்தப் பார்ட் வேறெங்கோ மாறினால் மஞ்சள் எச்சரிக்கை காட்டும். நீங்கள் ‘கெட் லேட்டஸ்ட்’ கொடுக்கும் வரை உங்கள் மெஷின் பழைய பதிப்பையே பிடித்திருக்கும். ஹவுசிங் விபத்து அங்கே நடந்திருந்தால் முறுக்கு மெஷினைத் திறந்ததும் மஞ்சள் குறி கண்ணில் பட்டிருக்கும். ஆனால் ‘கெட் ஆல் லேட்டஸ்ட்’ என்றும் ஒரு பொத்தான் இருக்கிறது. ‘சேவ் ஆல்’ அழுத்துகிற விரல் அதையும் அழுத்தும். ‘பிரேக் லிங்க்’ என்று இன்னொன்று, உங்கள் முதலாளிக்குப் பிடிக்கும். அதைக் கொடுத்தால் பார்ட் அந்த மெஷினுக்குள்ளேயே கரைந்துவிடும், மறுபடி கோர்க்க வழியில்லை, எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் சொருக வேண்டும். மூன்று மெஷின்களையும் மாற்றி வரையும் செலவை யோசித்தால், இந்த வருடம் வேண்டாம் என்பேன். ஃபைல்களுக்கு நம்பர் போட்டு முடித்த பிறகு யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று, கேட்காமலே சொல்கிறேன். பிசையும் மெஷினில் பேரிங் தாங்கவில்லை என்றீர்களே, கழற்றிய பழைய 6205 இன்னும் பட்டறையில் கிடக்கிறதா? கையில் எடுத்துச் சுற்றிப் பாருங்கள். உள்ளே கிரீஸுக்குப் பதில் மாவுப் பசை காய்ந்து கிடந்தால், பேரிங் சிறியது என்பது காரணமே இல்லை. டிராயிங்கில் மாவுத் தொட்டிப் பக்கம் ஆயில் சீல் எதையும் நான் பார்க்கவில்லை, பேரிங்கும் திறந்த வகையாகத்தான் குறித்திருக்கிறது. இரண்டு பக்கமும் ரப்பர் மூடி வைத்த 6205-ஐ மாட்டி, முன்னால் ஒரு சீல் வைத்து, ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அது தாங்கிவிட்டால், 62 ஹவுசிங்குக்கு டிராயிங்கே போட வேண்டியிருக்காது.